சிறிய கணக்கும் பெரிய தட்டும்

கொழும்பின் தென்புறத்தே, வெள்ளவத்தையை அடுத்து, தெகிவளை – கல்கிசை மாநகரசபை எல்லைக்குள் அமைந்த ஊர் களுபோவில. அவ்வூரிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கடல் கடந்து சென்ற உறவினர் கொடுத்துச் சென்ற பழைய மடிக்கணினி ஒன்று அலுமாரித் தட்டில் இருத்தல் அரிதன்று. அதன் வன்தட்டு நிறைந்துவிட்டது. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் 160 கிகாபைற்றுத் தட்டொன்று வாங்கிப் பொருத்தப்படுகின்றது. கணினியோ 137 என்கின்றது. அதனினும் பழையதாயின் 8 என்று கூறி அமைந்துவிடுகின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பதே வீட்டாரின் முதல் எண்ணம். ஆனால் குற்றம் கடைக்காரருடையதன்று. அதன் வேர் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கணக்கிலே கிடக்கின்றது.

1956 இல் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு இயந்திரம் ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 5 மெகாபைற்று. 1983 இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்.ரீ. என்னும் மேசைக்கணினி 10 மெகாபைற்றுத் தட்டுடன் வந்தபோது, அதனை நிரப்ப எவரால் இயலும் என்று வியந்தோர் இருந்திருப்பர். தட்டில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு அக்காலத்தார் மூன்று எண்களை வகுத்தனர். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தட்டுகளில் ஒரே தொலைவிலுள்ள தடங்களின் தொகுதி உருளை. தட்டின் பக்கத்தைப் படிப்பது தலை. தடத்தின் ஒரு பகுதி ஆரைச்சிறை. ஓர் ஆரைச்சிறையில் 512 பைற்றுகள் அடங்கும். தெருப்பெயர், வீட்டிலக்கம், அறையிலக்கம் என்று முகவரி எழுதுவது போன்றதே இது.

கணினி விழித்தெழும்போது முதலில் இயங்குவது பயோஸ் என்னும் அடிப்படை நிரல். அது உருளைக்கு 10 பிற்றுகளையும், தலைக்கு 8 பிற்றுகளையும், ஆரைச்சிறைக்கு 6 பிற்றுகளையும் ஒதுக்கியது. எனவே உருளைகள் 1024, தலைகள் 256. ஆரைச்சிறைகள் மாத்திரம் 64 அல்ல, 63. ஏனெனில் அவை சுழியத்திலிருந்தன்றி ஒன்றிலிருந்தே எண்ணப்பட்டன. தட்டையும் கணினியையும் இணைக்கும் ஏ.ரீ.ஏ. முறையை வகுத்தவர்களோ வேறொரு பங்கீடு செய்தனர்: உருளைக்கு 16 பிற்றுகள், தலைக்கு 4, ஆரைச்சிறைக்கு 8. தனித்தனியே நோக்கின் இரண்டும் தாராளமானவை. இரண்டும் ஒருங்கே இயங்க வேண்டியபோது ஒவ்வோர் எண்ணிலும் சிறியதே செல்லுபடியாயிற்று. 1024 உருளை, 16 தலை, 63 ஆரைச்சிறை, 512 பைற்று. பெருக்கினால் 528 மெகாபைற்று. ஒருவர் நீளத்தைச் சுருக்க, மற்றவர் அகலத்தைச் சுருக்கி, இருவரும் சேர்ந்து ஒரு குறுகிய அறையைக் கட்டியது போலாயிற்று. தீய நோக்கம் எவரிடத்தும் இல்லை. கலந்து பேசாமையே உண்டு.

1990களில் இத்தடையைக் கடக்க ஒரு சிறு பொய் உதவியது. உருளைகளைப் பாதியாக்கி, தலைகளை இருமடங்காக்கி, பயோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. இவ்வாறு 8.4 கிகாபைற்று வரை செல்ல முடிந்தது. அதற்கு மேற்பட்ட தட்டுகள் எவ்வளவு பெரியவையாயினும் 16,383 உருளை, 16 தலை, 63 ஆரைச்சிறை என்றே பழைய முறையில் அறிவித்தன. தட்டினுள் அத்தகைய 16 தலைகள் இருந்ததேயில்லை! பின்னர் மூன்று எண்களையும் கைவிட்டு, முதல் ஆரைச்சிறை தொடங்கி வரிசையாக எண்ணும் முறை வழக்கிற்கு வந்தது. அதற்கும் 28 பிற்றுகளே ஒதுக்கப்பட்டன. 26 கோடியே 84 இலட்சம் ஆரைச்சிறைகள். அதுவே 137 கிகாபைற்று. ஆயிரத்துக்குப் பதில் 1024 ஆல் வகுத்து எண்ணும் கணினிகள் இதனையே 128 என்று காட்டும். 2002 இல் வந்த ஏ.ரீ.ஏ. ஆறாம் நியமம் 48 பிற்றுகளைத் தந்து இவ்வெல்லையை நீக்கியது. அவ்வாண்டே வின்டோஸ் எக்ஸ்.பீ.யின் முதலாவது சேவைப் பொதியும் அதனை ஏற்றது.

137 என்று காட்டி நின்றுவிடும் கணினியால் இழப்பது இடம் மட்டுமே. அஞ்சத்தக்கது வேறு. புதிய கணினியொன்றில் முழு அளவிற்கும் பிரித்து நிரப்பிய தட்டைப் பழைய இயங்குதளத்தின் கையில் கொடுத்தால், அது 28 பிற்றுக்கு மேற்பட்ட இலக்கங்களை வெட்டிவிட்டு எழுதக்கூடும். அப்போது தட்டின் கடைசியில் எழுத வேண்டியது தொடக்கத்தில் விழும். தொடக்கத்தில் இருப்பதோ எந்தக் கோப்பு எங்குள்ளது என்னும் அட்டவணை. 1983 ஆடியில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது குடும்பப் படங்களை இழந்தோர் பலர். அதற்கு ஈராண்டு முன்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அவற்றுக்குத் தப்பி, உறவினரிடமிருந்து திரட்டிப் பிரதி செய்யப்பட்ட படங்களும் கடிதங்களும் இன்று இத்தகைய தட்டுகளிலேயே கிடக்கின்றன. ஆதலின் இதனை விளையாட்டுச் சிக்கலென்று தள்ளுதல் ஆகாது. மாற்றுவதற்கு முன் வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தலே முதற்கடன்.

மேசைக்கணினிக்கு வேறொரு கட்டுப்பாட்டு அட்டையைச் செருகித் தப்பலாம். மடிக்கணினியில் அதற்கு இடமில்லை. பயோஸைப் புதுப்பிக்கும் கோப்பையும் அதனை ஆக்கிய நிறுவனமே வழங்க வேண்டும். பழைய மாதிரிகளுக்கு அது கிடைத்தல் அருமை. 1999 அளவில் சில பயோஸ்கள் 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தட்டைக் கண்டவுடன் மேற்கொண்டு செல்லாது உறைந்தே போயின. அக்காலத் தட்டுகள் சிலவற்றில், தம்மைச் சிறியனவாய்க் காட்டிக்கொள்ள ஒரு சிறு செருகி அமைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் இயங்குதளம் சற்று நேர்மையான வழியைக் கொண்டது. தொடக்கக் கோப்புகளைத் தட்டின் முற்பகுதியில் வைத்தால் பயோஸ் அவற்றை எடுத்துக் கொடுக்கும்; அதன்பின் லினக்ஸின் கரு பயோஸைக் கேளாது, தட்டுடன் தானே பேசி உண்மையான அளவை அறியும். இவற்றுள் எதுவும் கைகூடாவிடில், புதிய தட்டை யூ.எஸ்.பீ. உறையொன்றில் இட்டு வெளியிலிருந்து இணைக்கலாம். உறையிலுள்ள சிறு சில்லே தட்டின் இலக்கங்களைக் கணக்கிடுவதால், உள்ளிருக்கும் பழைய பயோஸின் எல்லை அங்கே குறுக்கிடுவதில்லை.