மேக்னீட்டோ

அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் வெளியிடும் எக்ஸ்-மென் கதைகளின் முதன்மை வில்லன் மேக்னீட்டோ. உலோகங்களைக் காந்த ஆற்றலால் ஆட்டிப்படைப்பவன். பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் பெற்ற மியூட்டன்ட்களை மனிதகுலம் ஒருநாள் அழித்துவிடும் என்று அஞ்சுபவன். சூப்பர்ஹீரோ படங்களில் பார்வையாளரின் பரிவைப் பெற்ற வில்லன்களுள் முன்னிலையில் நிற்பவன்.

அந்தப் பரிவு தொடக்கத்தில் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஸ்டான் லீ எழுதி ஜாக் கிர்பி வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழில், 1963இல், அவன் ஓர் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றும் ஆணவக்காரனாக மட்டுமே வந்தான். மறு ஆண்டு அவன் திரட்டிய கூட்டத்தின் பெயரிலேயே 'தீய மியூட்டன்ட்கள்' என்று இருந்தது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று கதை கேட்கவே இல்லை.

கேட்டவர் கிறிஸ் கிளேர்மான்ட். 1975 முதல் எக்ஸ்-மென் கதைகளை எழுதிவந்த அவர், 1981இல் 150ஆம் இதழில் மேக்னீட்டோவின் போக்கையே மாற்றினார். சண்டையில் கிட்டி பிரைடு என்ற யூதச் சிறுமியை வீழ்த்தும் மேக்னீட்டோ, ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டதாக எண்ணி உடைந்துபோகிறான். அவனே ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் என்பது அங்கேதான் வெளிப்பட்டது. 1985இல் வந்த 200ஆம் இதழில் அவன் பாரிஸில் விசாரணைக்கு நின்றான். எதிரணித் தலைவரும் பழைய நண்பருமான பேராசிரியர் சேவியரின் பள்ளிப் பொறுப்பையும் ஏற்றான். 2008இல் தொடங்கிய 'மேக்னீட்டோ: டெஸ்டமென்ட்' தொடர், நாஜி ஜெர்மனியில் மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்ற சிறுவனாக அவன் பட்ட பாட்டைச் சொன்னது.

பிரையன் சிங்கர் இயக்கிய முதல் எக்ஸ்-மென் படம் (2000) இந்தக் காயத்தையே தொடக்கக் காட்சியாக வைத்தது. 1944, போலந்து. கொட்டும் மழையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் கதறக் கதற, முகாமின் இரும்புக் கதவு வளைகிறது. எந்தச் சூப்பர்ஹீரோவும் திரைக்கு வருமுன்பே வில்லனின் துயரம் வந்துவிடுகிறது. பிறகு மியூட்டன்ட்களைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு செனட்டர் முனையும்போது, இயன் மெக்கெல்லன் நடித்த முதிய மேக்னீட்டோவின் அச்சத்தைக் கற்பனை என்று தள்ள முடிவதில்லை. ஆனால் அதே மனிதன்தான் தன் திட்டத்துக்காக ரோக் என்ற இளம்பெண்ணைப் பலியிடத் துணிகிறான். தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதை இன்னொரு பிள்ளையிடமிருந்து பறிக்கிறான். அவனுடைய துயரம் அவனுடைய குற்றத்தை விளக்குகிறதே தவிர மன்னிப்பதில்லை. படத்தின் வலிமை அதில்தான் இருக்கிறது.

மேத்யூ வான் இயக்கிய 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்' (2011) படத்தில் இளைய மேக்னீட்டோவாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தார். ஒரு நாணயத்தை நகர்த்த முடியாததால் சிறுவனின் கண்ணெதிரே தாய் சுட்டுக் கொல்லப்படுகிறாள். பின்னாளில் கொலையாளியின் நெற்றியில் அதே நாணயத்தை அவன் மெல்லச் செலுத்துகிறான். கதை 1962இன் கியூபா ஏவுகணை நெருக்கடிக்குள் முடிகிறது. மியூட்டன்ட்கள் மீது ஏவுகணைகளை ஏவிய கப்பல்களில் இருப்பவர்கள் ஆணைக்குக் கீழ்ப்படிபவர்கள்தாம் என்று சேவியர் கெஞ்சுகிறார். ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்களிடமே அனைத்தையும் இழந்தவனிடம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. தங்களைக் குறிவைத்த ஏவுகணைகளைக் கப்பல்கள் பக்கமே திருப்பிவிடுகிறான்.

2014இல் வந்த 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' இரு நடிகர்களையும் ஒரே படத்தில் கொண்டுவந்தது. அதில் இளையவன் வெள்ளை மாளிகையை முற்றுகையிடுகிறான்; முதியவனோ சேவியரின் பக்கத்தில் நின்று போரிடுகிறான்.