விலையை நீங்களே சொல்லுங்கள்: இணையத்தில் விடுதி அறைக்கு விலை கேட்ட முறையின் வரலாறு

பெருநகரம் ஒன்றில் தங்க அறை தேடும் பயணி, தன்னால் தரக்கூடிய வாடகையைத் தானே குறிப்பிட்டு இணையம் வழியாகக் கேட்கும் முறை 1998-இல் அமெரிக்காவில் தோன்றியது. பிரைஸ்லைன் என்னும் நிறுவனம் ‘விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்ற பெயரில் இதை நடத்தியது. கடைசி நேரத்தில் குறைந்த வாடகைக்கு நல்ல அறை பெற விரும்பியவர்கள் இதைப் பெரிதும் நாடினர். பலரும் இதை ஏலம் என்றே அழைத்தனர். ஆனால், ஏலத்துக்கு அடிப்படையான ஒன்று இதில் இல்லை. ஒரே பொருளுக்காக ஒருவரை ஒருவர் விஞ்சிக் கேட்கும் போட்டியாளர்கள் இங்கு கிடையாது.

பின்னணி

அரிசி வணிகர் இன்று விற்காத மூட்டையை நாளை விற்கலாம். விடுதி உரிமையாளரால் அப்படிச் செய்ய இயலாது. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையின் வருமானம் போனது போனதுதான். பொழுது சாயும் நேரத்தில் பூக்காரர் மல்லிகையின் விலையைக் குறைப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் விடுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குறைத்த வாடகையை வெளிப்படையாக அறிவித்தால், முழு வாடகை தர ஆயத்தமாக இருப்பவரும் குறைந்த வாடகையையே கேட்பார்.

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டவை விமான நிறுவனங்கள். 1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதன்பின் 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள், ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளில் விற்கக் கணினியைப் பயன்படுத்தின. மேரியட் முதலிய விடுதிக் குழுமங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

தோற்றம்

ஜே வாக்கர் என்னும் தொழில்முனைவோர் கனெக்டிகட் மாநிலத்தில் பிரைஸ்லைனை நிறுவினார். 1998 ஏப்ரலில் விமானச் சீட்டு விற்பனை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதி அறைகளும் சேர்க்கப்பட்டன. வாங்குபவரே விலையை முன்வைக்கும் இம்முறைக்கு 1998 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இதே போன்ற சேவையை நடத்தியதாக மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பீடியா நிறுவனங்கள் மீது 1999-இல் பிரைஸ்லைன் வழக்குத் தொடுத்தது. 2001-இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

1999 மார்ச் 30 அன்று பிரைஸ்லைனின் பங்குகள் 16 டாலர் விலையில் சந்தைக்கு வந்தன. முதல் நாளின் முடிவில் ஒரு பங்கு 69 டாலரைத் தொட்டிருந்தது.

செயல்பட்ட விதம்

பயணி நகரத்தையும், நகருக்குள் தான் விரும்பும் பகுதியையும், நட்சத்திரத் தரத்தையும், தங்கும் நாள்களையும் தேர்ந்தெடுப்பார். பிறகு தன் விலையையும் கடன் அட்டை எண்ணையும் தருவார். கேட்ட விலை ஏற்கப்பட்டால் உடனே பணம் பிடிக்கப்படும். அதன் பிறகே விடுதியின் பெயர் தெரியவரும். பயணத்தை மாற்றினாலும் பணம் திரும்பாது.

விடுதிகள் தாம் ஏற்கக்கூடிய குறைந்த வாடகைகளை முன்னதாகவே கணினியில் பதிந்து வைத்திருந்தன. பயணி சொன்ன விலை அவற்றுடன் ஒப்பிடப்பட்டது. எடுத்துக்காட்டாக, விடுதி 90 டாலர் பதிந்திருக்க, பயணி 130 டாலர் கேட்டால் அறை அவருக்குக் கிடைக்கும். ஆனால், 40 டாலர் கூடுதலாகக் கொடுத்தது அவருக்குத் தெரியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது அந்த விலை இருவருக்காவது தெரியும். இங்கோ துண்டுக்கடியில் இருந்ததை ஒரு தரப்பு மட்டுமே அறிந்திருந்தது.

கேட்ட விலை மறுக்கப்பட்டால், அதே கோரிக்கையை உடனே மீண்டும் வைக்க முடியாது. ஒரு நாள் காத்திருக்க வேண்டும், அல்லது பகுதி, தரம், நாள் ஆகியவற்றில் ஒன்றை மாற்ற வேண்டும். அனுபவமிக்க பயணிகள் இவ்விதியிலேயே ஒரு வழி கண்டனர். நான்கு நட்சத்திர விடுதி ஒன்றுகூட இல்லாத பகுதியைத் தம் கோரிக்கையில் கூடுதலாகச் சேர்த்தனர். அதனால் மறுமுறை கேட்கும் உரிமை கிடைத்தது. விரும்பாத பகுதியில் அறை அமைந்துவிடும் அச்சமும் இல்லை. ஏற்கப்பட்ட விலைகளைத் தமக்குள் பகிர்ந்தும் கொண்டனர்.

எல்லையும் திருப்பமும்

இதே முறையை மளிகைப் பொருள்களுக்கும் பெட்ரோலுக்கும் விரிவாக்க வெப்ஹவுஸ் கிளப் என்ற துணை முயற்சி நடந்தது. 2000 அக்டோபரில் அது மூடப்பட்டது. ஒரே இரவில் வீணாகாத பொருளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட உற்பத்தியாளருக்கு அவசரம் இல்லை.

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் பயணிகள் குறைந்தனர். விமான நிறுவனங்கள் தாமே வெளிப்படையாகக் கட்டணத்தைக் குறைத்தன. அதனால் பிரைஸ்லைனின் கவனம் விடுதி அறைகளின் பக்கம் திரும்பியது. 2005-இல் அது ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய புக்கிங்ஸ் நிறுவனத்தை வாங்கியது. புக்கிங் டாட் காம் என்று அறியப்படும் அச்சேவையில் விடுதியின் பெயரும் வாடகையும் வெளிப்படையாக இருந்தன. பல அறைகளுக்கு விடுதியிலேயே பணம் செலுத்தலாம், கட்டணமின்றி ரத்தும் செய்யலாம்.

மறைவு

பிரைஸ்லைன் விளம்பரங்களில் நடிகர் வில்லியம் சாட்னர் பேரம் பேசுபவராகத் தோன்றிவந்தார். 2012 ஜனவரியில் வெளியான விளம்பரத்தில் அப்பாத்திரம் பேருந்து விபத்தில் இறப்பதாகக் காட்டப்பட்டது. பேரமே தேவையில்லாத, விலை குறித்த சலுகைகளுக்கு நிறுவனம் மாறிவந்ததன் அடையாளம் அது. 2016-இல் விமானச் சீட்டுகளுக்கும், பின்னர் விடுதிகளுக்கும் விலை கேட்கும் முறை கைவிடப்பட்டது. 2018-இல் தாய் நிறுவனமே புக்கிங் ஹோல்டிங்ஸ் எனப் பெயர் மாறியது.

மதிப்பீடு

இம்முறையால் காலி அறைகள் நிரம்பின. சாதாரணப் பயணியும் உயர்தர விடுதியில் தங்க முடிந்தது. இவை மெய்யான நன்மைகளே. எனினும், விலை சொல்லும் உரிமை வேறு, விலையை அறியும் வாய்ப்பு வேறு. நேரமும் விவரமும் உள்ளவர் அடிவிலைக்கு அருகில் கேட்டார். விவரம் அறியாதவர், தாமே சொன்ன விலை என்ற மனநிறைவோடு அதிகம் கொடுத்தார். இன்று வாடகை திரையில் தெரிகிறது. ஆனால், அது நாளுக்கு நாள் ஏறுவதும் இறங்குவதும் ஏன் என்ற விவரம் இன்னும் விற்பவரிடமே இருக்கிறது.