தொல்லியல் பட்டதாரிகளுக்கான வேலைவாய்ப்புகள் (இந்தியா)

தொல்லியல் பயின்றோர் அகழாய்வு, கல்வெட்டியல், அருங்காட்சியகம், மரபுச் சின்னப் பாதுகாப்பு, கல்வி ஆகிய துறைகளில் பணிபுரிகின்றனர்.

அரசுப் பணி: 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் தோன்றிய இந்தியத் தொல்லியல் துறையே மிகப் பெரிய வேலையளிப்பாளர். இதன் உயர் பதவிகளுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள்தேர்வு நடத்துகிறது. 1961இல் அமைந்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, கீழடி, ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை முதலிய இடங்களில் அகழாய்வு செய்துள்ளது. அதன் தொல்லியல் அலுவலர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது.

பிற வாய்ப்புகள்: 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்றவற்றில் காப்பாட்சியர் பணி உண்டு. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 'நெட்', 'செட்' தேர்வுத் தகுதியோ முனைவர் பட்டமோ உதவும். சின்னங்களைப் பாதுகாக்கும் 'இன்டாக்' (1984) போன்ற அமைப்புகள், ஆவணப்படுத்தல், மரபுச் சுற்றுலா ஆகியவற்றிலும் இடமுண்டு.

தகுதி: பெரும்பாலான பணிகளுக்கு முதுகலைப் பட்டம் தேவை. சென்னைப் பல்கலைக்கழகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இப்படிப்பை வழங்குகின்றன. தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் படிக்கும் பயிற்சியும், நில அளவை, வரைபட மென்பொருள் அறிவும் கூடுதல் பலம்.

நிலவரம்: நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஆள்தேர்வு அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை. அகழாய்வுக் களப்பணிகள் பெரும்பாலும் பருவகால, தற்காலிக ஒப்பந்தப் பணிகளே.