நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையும் சாராய வடிசாலையும்

விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்கள் தென்னார்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்த காலத்தில், அந்த ஜில்லாவின் யந்திரத் தொழில்களுள் பிரசித்தி பெற்று விளங்கியது நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் நடத்திய சர்க்கரை ஆலையும் அதனோடு இணைந்த சாராய வடிசாலையுமாகும். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியே விழுப்புரம் வந்து, திருச்சிக்கு நேரே செல்லும் பாதையை விட்டு மாயவரம் நோக்கிப் போகும் பழைய ரயில்பாதையில் திரும்புபவர், பண்ணுருட்டியைக் கடந்து சிறிது நேரத்தில் இவ்வூரை அடையலாம். 1993இல் ஜில்லா பிரிந்தபோது விழுப்புரமும் திண்டிவனமும் புதிய மாவட்டத்தைச் சேர, நெல்லிக்குப்பம் கடலூர்ப் பக்கம் நின்றது.

கம்பெனியின் மூலபுருஷர் வேல்ஸ் நாட்டவரான தாமஸ் பாரி. 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய அவர், 1819இல் ஜான் வில்லியம் டேர் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, 1824இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதி கண்டு மாண்டார். அவருடைய சமாதி கடலூர்க் கிறிஸ்து ஆலயத்தில் இருக்கிறது. சென்னையில் பாரிமுனை என்னும் பெயரும், அங்கே நிற்கும் டேர் மாளிகையும் இவ்விருவரின் ஞாபகார்த்தங்கள். நெல்லிக்குப்பம் ஆலையின் தொடக்கமாகக் கம்பெனியார் கொள்ளும் ஆண்டு 1842; ஆகவே, எந்த ஊரோடு தம் பெயர் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டதோ அந்த ஊரின் ஆலையைப் பாரி கண்டதேயில்லை.

பார்லியை முளைகட்டிக் காய்ச்சி, வடிக்காமலே புளிக்கவைத்து இறக்கும் பீர்த் தொழில் வேறு, இங்கே நடந்த தொழில் வேறு. கரும்புச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் படிகங்களைப் பிரித்தெடுத்த பின்பு கருநிறமான பாகு ஒன்று எஞ்சும். அதில் இன்னும் சர்க்கரை மிகுதியாக இருந்தும், எவ்வளவு காய்ச்சினாலும் அது லாபகரமாக உறைவதில்லை. நீர் கலந்து ஈஸ்ட் சேர்த்துத் தொட்டிகளில் விட்டால், அந்தச் சர்க்கரை நுரைத்துப் பொங்கிச் சாராயமாக மாறுகிறது. அதை உயர்ந்த கோபுரக் கலன்களில் ஆவியாக்கிக் குளிர்வித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரையில் சுத்தமான ஸ்பிரிட் கிடைக்கிறது. வீணாகும் பாகே மூலப்பொருளாதலால், சர்க்கரை ஆலைக்கு அருகே வடிசாலை அமைவது இயல்பே. ஆயினும், ஆலைகளை நடத்த அமைந்த கம்பெனி 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்டு சுகர் பாக்டரீஸ்' என்று வடிசாலையை முன்னிறுத்திப் பெயர் சூடிக்கொண்டது, ஆப்காரி வருமானம் கொழித்த அக்காலத்தின் மனோபாவத்தைக் காட்டுகிறது எனலாம்.

1948 அக்டோபர் 2 முதல் மதராஸ் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலாயிற்று; ஆனால் மருந்துக்கும் வார்னிஷுக்கும் ரசாயனத் தொழில்களுக்கும் ஸ்பிரிட் வேண்டியிருந்தமையால் பாகு வடிக்கும் தொழிலுக்கு அவசியம் நீங்கவில்லை. திண்டிவனத்திலிருந்து சிறிது தூரம் பயணம் செய்தால் எட்டும் புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததும், அங்கே விலக்கு இல்லாததும், சட்டத்தை வகுத்தோருக்கு நீங்காத தலைவலியாக இருந்தன.

இவ்வட்டாரத்துச் சிறுவர்களுக்கோ பாரி என்றால் மிட்டாய்தான். 1914இல் தொடங்கிய அந்தத் தொழில் 2004இல் கொரியாவின் லாட்டே நிறுவனத்தாரிடம் போயிற்று. குடும்பத்தார் தொடங்கிய தொழில் நாளடைவில் பொதுக் கம்பெனியாவது உலக வழக்கம். நெல்லிக்குப்பத்திலோ, கூட்டு வியாபாரமாகத் தொடங்கி, 1975இல் ஈ.ஐ.டி. பாரி என்று ஒன்றாகிய ஸ்தாபனம், பள்ளத்தூர் நகரத்தார் மரபினரான முருகப்பா குடும்பத்தாரின் நிர்வாகத்துக்கு 1981இல் வந்து சேர்ந்தது.