தந்தி மாஸ்டரின் கை

சென்ற தை மாதம் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில் கடம்பூரில் நின்றதும், "போளி, போளி!" என்ற குரல் ஜன்னலோரம் வந்தது. ஒரு பொட்டலம் வாங்கினேன். நூலை அவிழ்க்கத்தான் முடியவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விறைத்துக்கொண்டன. எதிரே இருந்த அம்மாள் இரக்கப்பட்டு அவிழ்த்துக் கொடுத்தார்.

இரண்டு மாதமாக இதே அவஸ்தை. வாரம் தவறாமல் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தியாயம் அனுப்பவேண்டிய நாள் நெருங்கினால் பிடரி இறுகும், வயிறு எரியும், விடிய வெகுநேரம் இருக்கும்போதே விழிப்பு வந்துவிடும். பரிசோதித்த டாக்டரோ, "உங்களுக்கு வியாதி ஒன்றுமில்லை, வீணாக அலட்டிக்கொள்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடம்பூர்க்காரரான என் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. வெளியூர்த் தந்தி ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். மாலையில் உப்புப் போட்ட வெந்நீரில் வலது கையை அமிழ்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சிறுவனாக இருந்த நான் காரணம் கேட்டேன்.

"அதிகாரி இன்னும் நாலு மணி நேரம் இருக்கச் சொன்னா, வாய் சரிங்கன்னு சொல்லிரும்லே. கை சொல்லாது" என்றார்.

அந்தக் கை பட்ட பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். தந்தி வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற சொல்லை அளவாகக் கொள்வார்கள். அதற்குப் புள்ளியும் கோடுமாகப் பதினான்கு தட்டு. நிமிஷத்துக்கு 20 சொல் என்றால் 280 தட்டு. ஒரு மணி நேரத்துக்கு 16,800. அதுவும் ஒரே விரல்கள், ஒரே மணிக்கட்டு!

இந்த வலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1875-ல் பிரான்சில் ஓனிமூஸ் என்ற மருத்துவர் தந்தி ஊழியர்களின் கைப்பிடிப்பைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் இதற்குக் 'கண்ணாடிக் கை' என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொரேஸ் மார்ட்டின் என்பவர், பக்கவாட்டில் ஒருமுறை அழுத்தினாலே புள்ளிகள் தாமாக விழும் ஒரு கருவியைச் செய்தார். 1908-ல் பிரிட்டன் இந்த நோயை நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது.

நியாயம் கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? 1911-ல் அங்கே ஒரு விசாரணைக் கமிட்டி அறிக்கை வெளியிட்டது. ஓயாத களைப்பு ஒரு காரணம். ஊழியரின் நரம்புப் பலவீனம் இன்னொரு காரணம் என்றது. ஆளுக்கு ஆள் உடல்வாகு வேறுபடும் என்பது மெய்தான். ஆனால் 'பலவீனம்' என்ற சொல் ஒருவன் தலையில் ஏறிவிட்டால் அவன் வாய் திறப்பானா? டாக்டர் சொன்ன அன்று நானும் திறக்கவில்லை.

அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறார். தொழில் நோய்களைப் பற்றிய அவரது நூலின் 1713-ஆம் வருஷப் பதிப்பில் எழுத்தர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே போக்கில் அசைப்பது, பிழை வந்துவிடுமோ என்று மனம் பதைப்பது, இம்மூன்றுமே அவர்களுடைய நோய்க்குக் காரணம் என்றார். வலது கை ஓய்ந்துபோய் இடது கையால் எழுதக் கற்ற ஒருவரைப் பற்றியும் சொல்கிறார். சில காலத்தில் இடது கையும் ஓய்ந்துவிட்டதாம்! கையை மாற்றினார், வேலையை மாற்றவில்லை.

மனப் பதைப்புக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். பயம் வந்தால் உடம்பு ஓடவோ போராடவோ ஆயத்தமாகிறது. இதயம் விரைகிறது, ஜீரணம் தடைப்படுகிறது. புலி துரத்தினால் அது உதவும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாள்தோறும் பயந்தால் ஓட இடம் ஏது?

பரிகாரம் எல்லோரும் அறிந்ததுதான்: ஓய்வு. ஆனால் அதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. நான் போய்க்கொண்டிருந்த தூத்துக்குடியே அதற்குச் சாட்சி. 1908 பிப்ரவரி 27-ல் அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச்சில் வெற்றி கிடைத்தது. கூலி உயர்வைப் பற்றியே பெரிதாகப் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் அந்த வெற்றியில் அடங்கியவை. அந்த ஞாயிறு எத்தனை முதுகுகளுக்கு மருந்தாக இருந்திருக்கும்! அதே ஆண்டில் இந்தியத் தந்தி ஊழியர்களும் புதிய வேலைநேர முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றது. கைவலி நிற்கவில்லை; கம்ப்யூட்டருக்கு இடம் மாறியிருக்கிறது.

ரயில் நகர்ந்தது. வெளியே கரிசல் காடு. பெரியப்பாவின் தம்பி அதில் ஏர் ஓட்டியவர். வெயில் ஏறி, மாட்டின் நடை தளர்ந்தால் ஏரை அவிழ்த்துவிடுவார். மாட்டுக்கு நரம்புப் பலவீனம் உண்டா என்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்.

தூத்துக்குடியில் இறங்கியதும் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்: இனி மாதம் இரண்டு அத்தியாயந்தான். இடது கையால் எழுதிய கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆசிரியர் சம்மதித்துப் பதில் போட்டார்.