மலைப்பாதையும் கேட்குஞ் செவியும்: மலையகப் போக்குவரத்து வரலாற்றில் ஒலியின் இடம்

துவிச்சக்கர வண்டி ஓட்டும்போது காதில் ஹெட்போன் அணிந்திருத்தல் ஆபத்தற்றதா என்னும் வினா இன்று இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. இதனைப் புதுக்கருவி ஒன்றைப் பற்றிய சிறு வினாவாகக் கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், இலங்கையின் மத்திய மலைநாட்டுப் போக்குவரத்து வரலாற்றோடு பொருத்தி நோக்குமிடத்து, இவ்வினாவின் வேர் மிக ஆழமானது என்பது புலனாகும். பாதையிற் செல்வோனின் பாதுகாப்பில் செவிக்கு உரிய பங்கு யாது, அந்தச் செவியின்மீது யாருக்கு உரிமை உண்டு என்னும் இரு வினாக்களும் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் பெருந்தோட்ட வாழ்வைச் சான்றாகக் கொண்டு இவற்றை ஆராய்தல் பொருத்தமாகும்.

கண் ஒன்றே வழிச்செல்வோனுக்குப் போதிய காவல் என்னும் எண்ணம் சமவெளிக்கு உரியது. நேராக நீண்டு கிடக்கும் பாதையில் எதிர்வரும் வண்டியை நெடுந்தொலைவிலேயே காணலாம். மலைநாட்டில் நிலைமை வேறு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேட் பார்ன்ஸ் வீதியமைப்பில் முனைந்து நின்றார். படைகளை மேலே கொண்டுசெல்லவும், பின்னர் கோப்பியைக் கீழே இறக்கவும் அவ்வீதிகள் பயன்பட்டன. மலையைக் குடைந்து நேர்ப்பாதை அமைப்பதிலும் மலையின் வடிவைத் தழுவி வளைந்து செல்வதே செலவு குறைந்த வழியாக இருந்தது. ஆகவே ஒருபுறம் செங்குத்துச் சரிவும் மறுபுறம் பள்ளமுமாக, வளைவுக்குப்பின் வளைவாக வீதிகள் உருவாயின. இவற்றோடு மூடுபனியும் சேருங்கால் கண்ணின் ஆட்சி சில பாக தூரத்தில் முடிந்துவிடுகின்றது. வளைவுக்கு அப்பால் இருப்பதை முதலில் அறிவிப்பது ஒலியே. ஒளி நேர்கோட்டிற் செல்வது. ஒலியோ தடையைச் சுற்றி வளைந்து வரவல்லது. இவ்வியற்கை வேறுபாடே மலைப்பாதையின் ஒழுங்குமுறை அனைத்திற்கும் அடிப்படையாகும்.

மோட்டார் வண்டிக்கு முற்பட்ட காலத்திலேயே இவ்வொழுங்கு தோன்றிவிட்டது. கோப்பி மூடைகளை ஏற்றிச்சென்ற மாட்டு வண்டிகளில் எருதுகளின் கழுத்துமணி, வண்டி வருகின்றது என்பதை வளைவுக்கு மறுபுறம் நின்றவனுக்கு அறிவித்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கூட்டங்கூட்டமாக நடந்த தென்னிந்தியத் தொழிலாளர்க்கும் செவியே காவலாயிற்று. நோயாலும் பட்டினியாலும் பலர் மாண்டுபோன அவ்வழியில், முன்னே செல்வோரின் குரலைத் தவறவிடுதல் கூட்டத்தையே தவறவிடுதலாகும்.

அடுத்து வந்தது புகையிரதம். கொழும்பிலிருந்து 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதை, 1924இல் பதுளையில் முற்றுப்பெற்றது. 44 அடி தூரத்துக்கு 1 அடி என்ற அளவில் ஏற்றமும், ஐந்து சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர், ஆரையுடைய கடும் வளைவுகளும் இம்மலைப்பாதையில் உள்ளன. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் போன்ற நீண்ட சுரங்கங்களும் அமைந்தன. இத்தகைய பாதையில் சாரதி முன்னே தொலைவாகப் பார்த்தல் இயலாது. பார்த்தாலும் உடனே வண்டியை நிறுத்துதல் இயலாது. எனவே ஊதொலியே பாதையின் காவலன் ஆயிற்று.

ஆனால் இருப்புப்பாதை வண்டிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஏற்ற இறக்கம் மிகுந்த மலைநாட்டில், தோட்டத்திலிருந்து நகருக்கும் பாடசாலைக்கும் செல்ல ஓரளவு சமமான, குறுக்கு வழி அதுவே. 1902ஆம் ஆண்டின் புகையிரதக் கட்டளைச் சட்டம் அத்துமீறிப் பாதையில் நடப்பதைக் குற்றமாக்கிய போதிலும், வேறு வழி அமைத்துக் கொடுக்கப்படாத இடங்களில் மக்கள் நடந்துகொண்டே இருந்தனர். அவ்வாறு நடந்தோர் சட்டத்தை நம்பவில்லை. தம் செவியையே நம்பினர். நீராவி எஞ்சினின் பெருமூச்சு ஏற்றத்தில் வெகு தூரத்துக்குக் கேட்டது. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்.2 வகை டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கியபின், பழகிய அந்த ஒலியும் மாறியது. செவி புதிய ஒலியைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நானுஓயாவைப் புகையிரதம் எட்டிய அதே 1885ஆம் ஆண்டிலேதான், இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இன்றைய துவிச்சக்கர வண்டிக்கு மூலமான 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். 1888இல் டன்லொப் காற்றடைத்த றப்பர் சில்லை அமைத்தார். இவ்விரண்டும் துவிச்சக்கர வண்டியை விரைவானதும் ஓசையற்றதுமான ஊர்தியாக்கின. குதிரை குளம்பொலி எழுப்பும்; மாட்டு வண்டி கிரீச்சிடும்; இதுவோ அருகில் வந்த பின்னரே தெரியும். அதே 1888இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட உள்ளூராட்சிச் சட்டம், பிறரை முந்திச் செல்லும் துவிச்சக்கர வண்டியோட்டி மணியாலோ பிறவாற்றாலோ எச்சரிக்கை செய்தல் வேண்டும் என விதித்தது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒலி எழுப்புவோனுக்குச் சட்டம் ஒரு கடமையை விதித்தது. கேட்போனுக்கு எதனையும் விதிக்கவில்லை. கேட்போனின் செவி திறந்தே இருக்கும் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை ஒலி என்பது இருவருக்கிடையே எழுதப்படாத உடன்படிக்கை ஆகும். ஒருவன் ஒலிப்பான், மற்றவன் கேட்பான் என்பதே அதன் பொருள். ஹெட்போன் பற்றிய இன்றைய வினா, இவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பாதியைப் பற்றியது.

இவ்விடத்தில் மலையகத்தின் தனி வரலாறு வேறொரு கோணத்தை முன்வைக்கின்றது. பெருந்தோட்டத்திலே ஒலி பாதுகாப்புக்கு மட்டும் பயன்பட்டதன்று. ஆட்சிக்கும் அதுவே கருவியாயிற்று. விடியுமுன் எழுந்த தப்பின் ஓசை தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது. கொம்பும் மணியும் வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் வகுத்தன. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவரும் மலையக இலக்கிய முன்னோடியுமாகிய சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களில் அத்தப்பொலி தோட்ட வாழ்வின் குறியீடாகவே நிற்கின்றது. கேளாதவனைப் போல் இருந்துவிட எவருக்கும் உரிமை இருக்கவில்லை. தொழிலாளியின் உடலுழைப்புக்கு முன்பே அவனுடைய செவி தோட்டத்துக்கு உரிமையாக்கப்பட்டிருந்தது எனலாம்.

வேலை முடிந்து திரும்பிய பின்னரும் அச்செவிக்குத் தனிமை கிட்டவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயக் காம்பராக்கள் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினவே. ஒரு வீட்டின் அழுகையும் சிரிப்பும் இருமலும் அடுத்த வீட்டுக்கும் உரியனவாயின. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய காலத்தில், படிக வாங்கியின் ஒலியைக் காதிற் பொருத்திய ஹெட்போன் வழியே கேட்பது வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்காக இருந்தது. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வானொலி லயத்துக்குள் நுழைந்தபோதும், ஒருவர் வைத்த பாட்டை வரிசையே கேட்டது. 1979இல் ஜப்பானில் சோனி நிறுவனம் 'வோக்மன்' கருவியை வெளியிட்டதும், பின்னர் கைத்தொலைபேசி பரவியதும் இந்நிலையை மாற்றின. தனக்கென ஓர் அறை இல்லாத இளைஞனுக்கும் தனக்கென ஓர் ஒலியுலகம் கிடைத்தது. மலையகத்து இளைஞர் காதில் ஹெட்போனைக் காணுமிடத்து, அதனை வெறும் கேளிக்கை மோகம் எனக் கடிந்துரைப்போர் இவ்வரலாற்றை மறந்தவராவர். தலைமுறை தலைமுறையாகக் கட்டளைக்குத் திறந்திருந்த செவி, தன் விருப்பத்துக்கு மூடிக்கொள்ளும் உரிமையைப் பெற்றிருக்கின்றது.

அவ்வுரிமை உண்மையானதே. ஆயினும் பாதையில் அதனைப் பயன்படுத்துதல் உயிருக்கு ஏற்புடையதா என்பது வேறு கேள்வி. இதற்கு அளவையும் ஆய்வும் விடை தருகின்றன. இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் துவிச்சக்கர வண்டியும், எதிரே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறிவரும் லொறியும் 100 மீற்றர் இடைவெளியில் இருப்பின், அவை சந்திக்க ஐந்து வினாடிகளே எடுக்கும். லொறியின் ஊதொலியோ மூன்றிலொரு பங்கு வினாடிக்குள் செவியை எட்டும். வளைவு மறைத்திருக்கையில் அந்த ஐந்து வினாடிகளையும் தருவது செவி மட்டுமே. இறக்கத்தில் காதைத் தாக்கும் காற்றின் இரைச்சல் ஏற்கெனவே அதில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கின்றது. எஞ்சியதை இசைக்குக் கொடுத்துவிட்டால் கண்ணுக்கு மிஞ்சுவது, வளைவைத் திரும்பிய பின் உள்ள ஓரிரு வினாடிகளே.

2011இல் வெளியான நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்று, இரு காதுகளிலும் இசை கேட்டுச் செல்லும் துவிச்சக்கர வண்டியோட்டிகள் எச்சரிக்கை ஒலிகளைத் தவறவிடுதல் மிகுகின்றது என்பதையும், காதுத் துளையை அடைக்கும் வகைக் கருவி இவ்வகையில் மிகத் தீயது என்பதையும் காட்டியது. ஐக்கிய அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்து நடந்தோர்க்கு நேர்ந்த 116 விபத்துக்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வின் முடிவு மலையகத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை புகையிரதத்தால் நேர்ந்தவை. பத்தில் ஏழு மரணத்தில் முடிந்தவை. பாதிக்கப்பட்டோரில் மூன்றில் இரு பங்கினர் முப்பது வயதுக்குட்பட்டவர். பெரும் ஓசையுடைய புகையிரதத்தையே கேளாமற் போக இயலுமெனின், றப்பர்ச் சில்லின் மெல்லொலியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. செவிப்புலன் அற்றோரும் பாதையிற் செல்கின்றனர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் பெருக்கி மோட்டார் வண்டி ஓட்டுவோரும் உளர். துவிச்சக்கர வண்டியோட்டியை மட்டும் குறை கூறுதல் நீதியா என்பதே அது. இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் வேறுபாடு உண்டு. செவிப்புலன் அற்றவர் தம் குறையை நாள்தோறும் அறிந்து, கண்ணைப் பழக்கி, அதற்கேற்பவே நடக்கின்றார். ஹெட்போன் அணிந்தவரோ கேட்கும் பழக்கத்தோடு கேளாத நிலைக்குட் புகுகின்றார். தாம் எதனைக் கேட்கவில்லை என்பதே அவர்க்குத் தெரியாது. மோட்டார் வண்டி ஓட்டுவோனைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. துவிச்சக்கர வண்டியோட்டியைச் சுற்றி அவனுடைய சட்டை மட்டுமே உண்டு.

உலக நாடுகளின் சட்டங்கள் இதில் ஒன்றுபடவில்லை. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் துவிச்சக்கர வண்டியோட்டிகள் காதிற் கருவி பொருத்துவதைத் தடை செய்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இரு காதுகளையும் மூடுவதைத் தடுத்து ஒரு காதுக்கு இடமளிக்கின்றது. பிரித்தானியா தனித் தடை விதிக்கவில்லை. ஒரு காதை மட்டும் திறந்து வைத்தல் நடுவழிபோல் தோன்றினும், மலைநாட்டுக்கு அது முழுத் தீர்வாகாது. ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை இரு செவிகளின் ஒப்பீட்டாலேயே மனிதன் அறிகின்றான். எதிரொலி மிக்க பள்ளத்தாக்கில், ஒலி கேட்டும் திசை தெரியாமை ஏறக்குறைய கேளாமைக்குச் சமமாகும்.

எனவே, வளைவும் பனியும் நிறைந்த மலைப்பாதையிலும் இருப்புப்பாதையோரத்திலும் ஹெட்போன் அணிந்து செல்லுதல் ஆபத்தற்றதன்று என்பதே பெறப்படும் முடிவாகும். ஆனால் இம்முடிவோடு வரலாற்று மாணவர் நின்றுவிடலாகாது. விபத்து நேர்ந்தவுடன் 'காதில் மாட்டியிருந்தான்' எனக் கூறிப் பழியை மாண்டவன்மீது சுமத்துவது எளிது. அவன் ஏன் இருப்புப்பாதையில் நடந்தான், வீதியோரத்தில் நடைபாதை ஏன் இல்லை என்னும் வினாக்கள் அப்போது மறைந்துபோகின்றன. கொழுந்துக் கூடையோடு செல்லும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் லொறிகளோடு ஒரே குறுகிய வீதியைப் பகிர்ந்துகொள்ளும் வரையில், செவியின்மீது சுமத்தப்படும் பாரம் அளவுக்கு மீறியதே. நடைபாதையும், வளைவுகளில் எதிர்வருவதைக் காட்டும் கண்ணாடியும், தோட்டங்களை இணைக்கும் தகுந்த வழியும் அமையின் அப்பாரம் குறையும்.

தப்பொலிக்குச் செவி கொடுத்தல் அன்று கட்டாயமாக இருந்தது. இன்று வளைவுக்கப்பால் எழும் ஊதொலிக்குச் செவி கொடுத்தல் எவரும் இட்ட கட்டளையன்று. தன் உயிருக்கும், எதிரே நடந்துவரும் இன்னொருவர் உயிருக்கும் ஒருவன் தானே செய்துகொள்ளும் காவலாகும். லயத்தின் இரைச்சலிலிருந்து விடுதலை தேடிப் பெற்ற தனியிசையை, பாதையை விட்டிறங்கி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பதால் அவ்விடுதலை குறைந்துவிடாது. அதனை நாளையும் கேட்க ஆள் இருக்க வேண்டும்.