ஊசிக்குப் பிறகு: சுருள்சிரைச் சிகிச்சையில் பக்கவிளைவுகள் கற்பித்த பாடம்

1894இல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய மருத்துவ மாநாடு ஒன்று, காலில் புடைத்துச் சுருண்ட சிரைகளுக்குள் ஊசி வழியாக மருந்து செலுத்தும் சிகிச்சையைக் கைவிட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு அனுபவம் கசந்துபோயிருந்தது. அந்தச் சிகிச்சைக்கு வழி திறந்ததும் இதே லியோன்தான். 1853இல் அவ்வூர் மருத்துவர் சார்ல் பிரவாஸ், திருகித் திருகி அழுத்தும் தண்டு கொண்ட சிறிய ஊசிக்குழல் ஒன்றை உருவாக்கினார். தமனி வீக்கத்துக்குள் இரும்புக் குளோரைடைச் செலுத்தி இரத்தத்தை உறைய வைப்பது அவர் நோக்கம். அந்த ஆண்டே அவர் இறந்தார். அவருடைய கருவியும் மருந்தும் சில ஆண்டுகளுக்குள் வெரிகோஸ் வெயின் எனப்படும் சுருள்சிரை நோயாளிகளின் கால்களுக்கு வந்து சேர்ந்தன.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள். அது பாதிக் கதைதான். ஊசியை உருவிய பிறகு காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மருத்துவர்கள் தேடிய விடைகள்தான் மீதிப் பாதி.

ஊசியில் போகும் மருந்து சிரையின் உட்சுவரைத் திட்டமிட்டே புண்ணாக்குகிறது. புண்பட்ட சுவர்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிரை நார்க்கயிறு போலக் கெட்டியாகி, மாதக்கணக்கில் மெல்லக் கரைந்து மறைகிறது. ஆகவே இங்கே விளைவுக்கும் பக்கவிளைவுக்கும் வேர் ஒன்றே. அந்தச் சேதம் நோயுற்ற சிரைக்குள் நின்றுவிட்டால் குணம். தோலுக்குக் கசிந்தால் ஆறாத புண். தவறித் தமனிக்குள் போனால் சதை அழுகல். ஆழ்சிரைக்குப் போனால் இரத்த உறைகட்டி. சேதத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் மருத்துவர்களுக்குக் கடைசிவரை பெரும் சவாலாக இருந்தது.

தொடக்ககால மருத்துவர்களிடம் அதற்கு வழியே இல்லை. இரும்புக் குளோரைடு, அயோடின் கலந்த டானின், சாராயம், கார்பாலிக் அமிலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் செலுத்திப் பார்த்தார்கள். ஊசியைக் கிருமி நீக்கும் பழக்கம் அப்போது பரவியிருக்கவில்லை. சீழ் பிடித்தது, தோல் உரிந்தது, உறைகட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையும் பறித்தது. லியோன் மாநாட்டின் முடிவில் வியப்பதற்கு எதுவுமில்லை.

சிகிச்சைக்கு மறுவாழ்வு கிடைத்த இடம் யாரும் எதிர்பாராதது: பால்வினை நோய்ப் பிரிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிஃபிலிஸ் நோயாளிகளுக்குச் சிரை வழியாகக் கடுமையான மருந்துகளை ஏற்றினார்கள். ஊசி போட்ட சிரை கெட்டியாகி அடைத்துக்கொள்வதை மருத்துவர்கள் கண்டார்கள். அந்த நோயாளிக்கு அது தொல்லை. வெரிகோஸ் நோயாளிக்கோ அதுதான் தேவை. ஜெர்மனியின் டூபிங்கனில் பாவுல் லின்சர் பாதரசக் குளோரைடைப் பயன்படுத்தினார். பாரிஸில் ழான் அத்தனாஸ் சிகார் சோடியம் சாலிசிலேட்டைக் கையாண்டார். மலேரியாவுக்குத் தந்த குயினைனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. சாலிசிலேட் காலைப் பிடித்து முறுக்கும் வலியைத் தந்தது. துளி வெளியே கசிந்தாலும் தோல் கருகியது. லின்சர் பின்னர் அடர்ந்த உப்புக் கரைசலுக்கு மாறினார்.

1930களில் மீன் எண்ணெயிலிருந்து எடுத்த சோடியம் மோருயேட் வந்தது. சிலருக்கு உயிரையே பறிக்கும் ஒவ்வாமையை அது உண்டாக்கியதால் அதன் மவுசு குறைந்தது. 1946இல் சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் புழக்கத்துக்கு வந்தது. 1960களில், முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவாக்கப்பட்ட பாலிடோகனால் சேர்ந்தது. இன்றும் உலகெங்கும் கையாளப்படுபவை பெரும்பாலும் இவ்விரண்டுதான். சோப்பு நுரை அழுக்கைக் கரைப்பது போல இவை சிரையின் உட்படல உயிரணுக்களின் கொழுப்புறையைக் கரைத்துவிடுகின்றன.

மருந்து சரியாகிவிட்டது. ஆனாலும் அடைபட்ட சிரைகள் மீண்டும் திறந்துகொண்டன. ஏன் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் டப்ளின் நகரின் சர் பேட்ரிக் டன்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபெகன். சிரைக்குள் இரத்தம் நிறைந்திருக்கும்போது மருந்து போனால் உண்டாவது வெறும் உறைகட்டி. உடல் அதைக் கரைத்ததும் பாதை மறுபடி திறந்துவிடும் என்பது அவர் கணிப்பு. எனவே சிரையில் இரத்தம் வடிந்திருக்க வேண்டும். வெற்றுச் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டபடியே ஒட்ட வேண்டும். காலை உயர்த்திச் சிறிதளவு மருந்து செலுத்தி, அந்த இடத்தில் மெத்தை வைத்து இறுகக் கட்டு போட்டார். கட்டு முடிந்ததும் நோயாளியைப் படுக்க வைக்காமல் எழுப்பி நடக்கச் சொன்னார். ஆறு வாரம் கட்டு, நாள்தோறும் நடை. 1963இல் 'லான்செட்' இதழில் தம் முறையை வெளியிட்டார்.

நடையின் பயன் எளிதில் விளங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஆழ்சிரை இரத்தம் மேலேறுகிறது. வழிதவறி ஆழ்சிரைக்குள் போன மருந்துத் துளியும் அந்த ஓட்டத்தில் நீர்த்துப்போகிறது. நோயாளி படுக்கையில் கிடந்தால் இரத்தம் தேங்கி உறையும். 'ஊசி போட்டால் ஓய்வெடு' என்ற வழக்கத்தை ஃபெகன் தலைகீழாக்கினார். புதிய வேதிப்பொருள் எதையும் கண்டுபிடிக்காத ஒருவர் இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பத்துக்குக் காரணமானார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அவர் முறைக்கும் எல்லை இருந்தது. லண்டனில் ஜான் ஹாப்ஸ் அறுவையையும் ஊசியையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். தொடையின் முதன்மைச் சிரையில் கோளாறு இருந்தவர்களுக்குக் காலப்போக்கில் அறுவையே நிலைத்த பலன் தந்தது. ஊசி சிறிய சிரைகளுக்கென்று ஒதுங்கியது.

ஊசியை மறுபடி பெரிய சிரைக்குக் கொண்டுவந்தது, மருந்தோடு வாயுவைக் கலந்த நுரை. மருந்துக்கு முன் சிறிது காற்றைச் செலுத்தி இரத்தத்தைத் தள்ளிவிடும் எண்ணம் ஆர்பாக் என்பவரிடம் 1940களிலேயே இருந்தது. ஸ்பெயினின் கிரனாடாவில் ஹுவான் கப்ரேரா 1990களில் நுண்ணுரையைக் கொண்டுவந்தார். அதை எல்லாக் கிளினிக்குகளுக்கும் எட்டச் செய்தவர் இத்தாலியின் லொரென்ஸோ தெஸ்ஸாரி. அவர் முறைக்குத் தேவை இரண்டு சிரிஞ்சுகளும் மும்முனைக் குழாய்த் திருகியும்தான். ஒன்றில் ஒரு பங்கு மருந்து, மற்றொன்றில் நான்கு பங்கு காற்று. இப்படியும் அப்படியும் சுமார் இருபது முறை தள்ளினால் வெண்மையான கெட்டி நுரை கிடைக்கும். அது விரைவிலேயே நீர்விட்டுப் பிரியத் தொடங்கும் என்பதால் உடனே செலுத்தியாக வேண்டும்.

நுரை வந்ததும் அதுவரை அதிகம் பேசப்படாத தொல்லைகள் தலைகாட்டின. ஊசி போட்ட சில நிமிடங்களில் கண்ணில் மின்னல் கோடுகள், மங்கல் பார்வை, ஒற்றைத் தலைவலி. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே கருவில் இருந்த துளை முழுதாக மூடாமல் இருப்பவர்கள் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர். அவ்வழியே குமிழ்கள் இடப்பக்கத்துக்குப் போய் மூளையை எட்டக்கூடும். 2006இல் நுரை ஊசிக்குப் பின் ஏற்பட்ட பக்கவாதம் ஒன்று மருத்துவ இதழில் பதிவானது. மிக அரிய நிகழ்வு, ஆனால் அலட்சியப்படுத்த முடியாதது. பின்வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் ஓர் அமர்வுக்கு 10 மில்லி லிட்டர் நுரைக்கு மேல் வேண்டாம் என்றது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பார்வைத் தொல்லை 1.4 சதவீதம், தலைவலி 4.2 சதவீதம், ஆழ்சிரை உறைகட்டி ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

நோயாளிகளை அதிகம் மனம் வாட வைப்பது இவற்றைவிடச் சாதாரணமான ஒன்று: சிரை இருந்த தடம் முழுக்கப் பழுப்பு நிறக் கோடு. அடைபட்ட சிரைக்குள் சிக்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு தோலில் படிவதே காரணம். பெரும்பாலோருக்கு அது ஓராண்டுக்குள் மங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். கருநீலமாகக் கட்டி தட்டி, தொட்டால் வலிக்கும் இடங்களைச் சில வாரங்கள் கழித்து மெல்லிய ஊசியால் குத்தி, கருஞ்சிவப்புக் குழம்பைப் பிதுக்கி எடுப்பார்கள். வலியும் உடனே குறையும், கறையும் குறையும். மறுபரிசோதனைக்கு வராத நோயாளி இழப்பது இதைத்தான். சிலருக்குச் சுற்றிலும் மயிரிழைச் சிவப்பு நாளங்கள் புதிதாய்ப் படரும். அவை பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே அடங்கும்.

ஃபெகனின் ஆறு வாரக் கட்டும் கேள்விக்குள்ளானது. 2010இல் பிரிட்டனில் நுரை ஊசிக்குப் பிறகு 24 மணி நேரக் கட்டையும் ஐந்து நாள் கட்டையும் ஒப்பிட்டார்கள். பலனில் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சுக் குழு ஒன்று அழுத்தக் காலுறை அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டு அதே முடிவைக் கண்டது. 2013இல் பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பின் வழிகாட்டுதல், சிகிச்சைக்குப் பின் அழுத்தக்கட்டு தருவதானால் ஏழு நாளுக்கு மேல் வேண்டாம் என்றது. மறுபக்கம், தோலில் வலைபோலத் தெரியும் மெல்லிய சிலந்திச் சிரைகளுக்கு மூன்று வாரக் காலுறை நல்ல பலன் தந்ததை 2007இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு என்ற காலம் போய்விட்டது என்றே இந்த முரண்பட்ட சான்றுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் தொடைவரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் அணியச் சொல்லப்படும் தமிழ்நாட்டு நோயாளிக்கு, அது எத்தனை நாள் என்பது சின்ன விஷயமல்ல.

நடை மட்டும் கைவிடப்படவில்லை. ஊசி முடிந்ததும் சிறிது நேரம் நடக்க வேண்டும், அசையாமல் நெடுநேரம் நிற்கவோ உட்காரவோ கூடாது, சில நாட்களுக்கு வெந்நீர்க் குளியலும் பளு தூக்கலும் வேண்டாம் என்ற அறிவுரைகள் இன்றும் தொடர்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டை வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த அறிவுரைகளில் கடைப்பிடிக்கச் சிரமமானது நிற்காமல் இருப்பதுதான். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண், ஊசி போட்ட மறுவாரமே அதே இடத்துக்குத் திரும்புகிறார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், நாள் முழுவதும் நிற்பதால் வரும் உடல்நலக் கேடுகளைத் தன் காரணமாகக் காட்டியது. அந்த நாற்காலி கடைக்குள் உண்மையில் போடப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பதையும் சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பின் பகுதியாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.